வேறொருவர்

வெருலம். இரவு இரண்டு ஐந்து.
அறிவித்த நேரத்துக்கு முன்பே மின்சாரம் போனது;
யு.பி.எஸ். இருமுறை கீச்சிட்டு அடங்கியது.

நாலரைக்கு வந்ததும்
மெய்நிகர் இயந்திரம் எழ மறுக்கிறது:
'இக்கோப்பு வேறொருவர் பயன்பாட்டில்.'

யாரந்த வேறொருவர்?
பூட்டில் இருந்த எண்ணைத் தேடினேன்.
அப்படி எதுவும் ஓடவில்லை.
இரண்டு ஐந்துக்குச் செத்த இதே இயந்திரம்தான்
தன் வாசலைத் தானே
உள்ளிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறது.

அளவும் பொய்.
பட்டியலில் நாற்பது ஜிபி,
தட்டில் முப்பத்தொன்பதே சொச்சம்.

முதலில் நகலெடுத்தேன். பிறகே பூட்டை அழித்தேன்.
எழுந்தது,
ஒன்றும் நடக்காததுபோல்.

விடியலில் வாயிற்காவலர் சிபுசீசோ
பதிவேட்டை நீட்டுகிறார்:
பூபாலன் இன்னும் உள்ளேயா?
இருட்டில் கையெழுத்திடாமல் போயிருக்கிறான்.

வெளியேறிய நேரம்?
இரண்டு ஐந்து என்று எழுதினேன்.
எனக்கென்ன தெரியும்.