பச்சை அட்டை

தவசிக்கனி விழப்போகிறான் என்று
ஐந்தாம் அத்தியாயத்திலேயே அறைக்குத் தெரிந்துவிட்டது.
ஜுபைல், பதினாலாம் நம்பர் அறை, ஆறு கட்டில்,
ஜன்னலில் இரவெல்லாம் அணையாத ரிஃபைனரித் தீ.
வியாழன் ராத்திரி நான் வாசிப்பேன்.
குப்பூஸைக் கிழித்தபடி கேட்பார்கள்.

"சாகிற அளவுக்கு அவன் என்ன செஞ்சான்?"
பரமகுரு வழக்காடினான்.
குடிக்கவில்லை, திருடவில்லை,
தங்கைக்குச் சொன்னதைவிட இரண்டு பவுன் கூடவே போட்டான்.
சாரத்தைச் சோதித்து அட்டை மாட்டுவது வேலை.
ஒரு மதியம், ஐம்பது டிகிரி,
ஏறிப் பார்க்காமலே பச்சை அட்டையைத் தொங்கவிட்டு
கையெழுத்துப் போட்டான்.
அவ்வளவுதானே?

அவ்வளவுதான். வெயிலில் எவனும் செய்வான்.
அதற்காக நான் அவனைத் தள்ளவில்லை.
"மேலே ஏறிப் பார்த்தாயா?" என்று இன்ஜினியர் கேட்டார்.
"இல்லை" என்பது
பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது,
நின்றேவிட்டது.

ஸ்டோர் ரெய்னால்டோ காதோடு சொன்னான்:
நாலாவது தட்டில் ஒரு கிளாம்ப் இல்லை,
போய் மாட்டிவிடு, யாருக்கும் தெரியாது.
கிளாம்பைக் கையிலேயே வைத்தான்.
பதினோரு வருஷ சர்வீஸ், எனக்கா சொல்கிறாய் என்று
தவசிக்கனி அதை மணலில் எறிந்தான்.
எழுதிக்கொண்டிருந்த நானே
எழுந்துபோய்ப் பொறுக்கிக் கொடுக்கலாமா என்றிருந்தது.

செய்யது இஸ்மாயில் இரக்கக்காரர்.
"ஒரு ஷமால் காத்தை விடுங்க, காத்து தள்ளட்டும்."
விட்டுப் பார்த்தேன்.
காற்று தள்ளினால் அது செய்தி, நாலு வரி,
கம்பெனி பேர்கூட வராது.
லூர்து கோபக்காரன்.
"பன்னெண்டு மணி நேர டூட்டின்னு எழுது.
கொன்னது கம்பெனின்னு எழுது."
அதையும் எழுதினேன், பொய்யில்லை.
ஆனால் அந்த வெயில் எல்லார் தலையிலும்தான் காய்ந்தது.
கீழே அறுபது பேர் அண்ணாந்து நிற்க,
தன் கையெழுத்து பொய்யில்லை என்று காட்ட,
இடுப்புக் கொக்கியை எங்கும் மாட்டாமல்
ஏறினவன் அவன் ஒருவன்தான்.

"ரெண்டு வார்த்தை குடுங்க அவனுக்கு,"
இஸ்மாயில் விடவில்லை. "'நான் பாக்கல.' போதும்.
பிழைச்சுக்குவான்."
அன்றிரவு முயன்றேன்.
மேற்கோள் குறியைத் திறந்தேன்.
விடியும்வரை அது திறந்தே கிடந்தது.

சனிக்கிழமை காலை
டைம் ஆபீஸ் ஜன்னலுக்கு மாடக்கண்ணு வந்தான்,
எங்கள் அறையில் ஆறாவது கட்டில்.
"அண்ணே, போன மாசம் மூணு நாள்
பதினோரு மணி நேரம் செஞ்சேன்.
எட்டுன்னு விழுந்திருக்கு."
எனக்குத் தெரியும்.
தூக்கக் கலக்கத்தில் அடித்தவன் நான்.
சம்பளம் போன பிறகுதான் கண்ணில் பட்டது.
திருத்தினால் மேனேஜரிடம் போகவேண்டும்,
என் பிழை என்று எழுதித் தரவேண்டும்.
என் ரெஜிஸ்டரில் பிழை வராது என்பது
இந்த யார்டில் ஒரு பேச்சு.
திரையை அவன் பக்கம் திருப்பினேன்.
"சிஸ்டம்ல அப்படித்தாம்ப்பா இருக்கு."
"அப்ப சரிண்ணே," என்றான்.
தன் மேலேயே சந்தேகப்பட்ட முகத்தோடு
விரல்விட்டு எண்ணிக்கொண்டே போனான்.

கடைசி அத்தியாயம் அன்றிரவே வந்தது,
ஒரு அடித்தல் இல்லாமல், பதினாறு பக்கம்.

வியாழன் வாசித்தேன்.
தவசிக்கனி நாலாவது தட்டில் கால் வைத்தான்.
இஸ்மாயில் கண்ணை மூடிக்கொண்டார்,
லூர்து ஏசியை நிறுத்தினான்.
விழுகிற சத்தத்தை நான் எழுதவில்லை.
மணலில் கிடந்த கிளாம்பை எழுதி முடித்திருந்தேன்.

வெகுநேரம் யாரும் பேசவில்லை.
பிறகு மேல்கட்டிலிலிருந்து மாடக்கண்ணு
தலையைத் தொங்கவிட்டு,
உண்மையாகவே வியந்து கேட்டான்:
"அவன் மனசு உங்களுக்கு மட்டும்
எப்படிண்ணே இவ்வளவு சரியாத் தெரியுது?"