பூனைக்குச் சாப்பாடு வைத்தாயா

டுலூத்திலிருந்து வடக்கே எழுபது மைல்.
வண்டியைத் திருப்பி, மூக்கு சாலையைப் பார்க்க நிறுத்துகிறேன்.
பனியில் ரிவர்ஸ் எடுத்துத் தப்பித்தவர்களை
நான் சந்தித்ததில்லை.
இடக்கையில் கோர்ட் காகிதம். வலக்கையில் உறை இல்லை.
விரல்கள் தெரியட்டும்,
திரைக்குப் பின்னால் யார் நின்றாலும்.

நாலு பத்துக்கு ஆர்வோவிடம் முகவரி சொன்னேன்.
"நார்க்விஸ்ட். பழைய சுரங்கச் சாலை. பச்சை அஞ்சல்பெட்டி."
பென்சில் உரசுவது கேட்டது.
நாலு நாற்பதுக்குள் நான் கூப்பிடாவிட்டால்
அவன் ஷெரிப்பைக் கூப்பிடுவான்.
கூப்பிட்டு, "பூனைக்குச் சாப்பாடு வைத்தாயா" என்று கேட்டாலும்
ஷெரிப்பைத்தான் கூப்பிடுவான்.
எங்களிடம் பூனை இருந்ததே இல்லை.
ஆறு வருடமாக
எங்களிடம் 'எங்கள்' என்பதும் இல்லை.

அவனுக்கு விவாகரத்து நோட்டீஸ் கொண்டுபோனது நானில்லை.
வழக்காடுபவரே கொடுக்கக் கூடாது.
ஆபீஸிலிருந்து லூவெல்லா போனாள்.
"கதவுக்கு நேரே நிற்காமல் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்,
உன்னை மாதிரியே" என்றான் பிறகு.
அவன் சொன்ன ஒரே குறை அதுதான்.

இந்த வீட்டில் டிவி ஓடுகிறது.
புகைபோக்கியில் புகை.
கம்பத்தில் நாய்ச் சங்கிலி இருக்கிறது,
சங்கிலியின் முனையில் ஒன்றும் இல்லை.
படிகளை எண்ணுகிறேன்: நாலு, மூன்றாவதில் பனிக்கட்டி.
இறங்கும்போது எண்ண நேரம் இருக்காது.

சுவரோரம் ஒதுங்கி
தட்டக் கை தூக்கினேன்.

அப்போதுதான் கண்ணில் பட்டது.
வாசலிலிருந்து விறகுக் கொட்டகைவரை
பெரிய பூட்ஸ் தடம். பக்கத்திலேயே நாயின் தடம்.
ஓரங்கள் இன்னும் உதிரவில்லை.
போன தடம் இருக்கிறது.
வந்த தடம் இல்லை.
கொட்டகை என் முதுகுக்குப் பின்னால்.

வேலைக்கு வந்த முதல் வருடம் என்றால் தட்டியிருப்பேன்.
காகிதம் கைமாறினால் அறுபத்தைந்து டாலர்,
மாறாவிட்டால் பெட்ரோல் என் தலையில்.
பயந்தவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று
ஒருமுறை கதவு திறக்கக் காத்து நின்றிருக்கிறேன்.
திறந்தது.
இடது தோள் இன்றைக்கும் மழையை முன்கூட்டியே சொல்லும்.

"மிஸ்டர் நார்க்விஸ்ட், இன்னொரு நாள் வருகிறேன்."
கதவைப் பார்த்துச் சொன்னேன்,
கொட்டகைக்குக் கேட்கும்படி.
மூன்றாம் படியைத் தாண்டினேன்.
ஓடவில்லை. நான் ஓடினால் நாய்க்கும் ஓடத் தோன்றும்.
பதினேழு அடி. முதுகு முழுக்கக் காது.
கொட்டகைக்குள் யாரோ இருமினார்கள்,
அல்லது விறகு சரிந்தது.

வண்டிக்குள் ஏறிப் பூட்டி
இரண்டு மைல் தள்ளி, தேவாலயத்தின் வாசல் விளக்கடியில்
படிவத்தை எடுத்தேன்.
முயற்சி: ஒன்று. ஒப்படைக்கவில்லை. காரணம்:
'தடம்' என்று எழுதி அடித்தேன்.
'வீட்டில் இல்லை' என்று எழுதினேன்.
பொய்யும் இல்லை.

நாலு முப்பத்தெட்டு. முதல் மணியிலேயே எடுத்தான்.
"மார்லிஸ்?"
"வெளியே வந்துவிட்டேன்."
மூச்சு விட்டான். வைப்பான் என்று பார்த்தேன்,
வைக்கவில்லை.
"ஒன்று சொல்ல வேண்டும். சொல்லை மாற்றணும்."
"ஏன்?"
"செவ்வாய்க்கிழமை ஒரு பூனை வந்தது.
கராஜில். போகமாட்டேன் என்கிறது.
நீ நிஜமாகவே விசாரித்தால்
எனக்கு வித்தியாசம் தெரியாது."

வைப்பர் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தது.
நமக்கு இல்லவே இல்லாத ஒன்று வேண்டும்,
இனியும் வரப்போகாதது.
படகு? அவனுடைய தம்பி ஒன்றை விற்கப் பார்க்கிறான்.
தோட்டம்? என்னிடம் இரண்டு தக்காளித் தொட்டி.
மகள் என்று இருவருமே சொல்லவில்லை.
அந்த இடத்தில் வைப்பர் மட்டும் பேசியது.

"பியானோ" என்றேன்.
"பியானோ" என்றான், எழுதிக்கொண்டே.
"பியானோவைத் துடைத்தாயா?"
"அதுதான்."
பின்னணியில் ஏதோ மியாவ் என்றது.
நான் விசாரிக்கவில்லை.