யார் கை

சல்மாபாத் பழைய இரும்புக்கடையில்
தில்பர் கான் அதைத் தராசில் ஏற்றினார்.
நூற்றெண்பத்து மூன்று கிலோ.
மேசை ரம்பம் என்பதற்காக
ஒரு பில்ஸ்கூடக் கூட்டவில்லை.

வெள்ளிக்கிழமைகள் போயின.
வினிகர், மண்ணெண்ணெய், உப்புத்தாள்.
பிளேடு அச்சு மட்டும் கழலவேயில்லை.
மாதா படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு
பிலவேந்திரன் அதைத் திட்டினான்,
துறைமுகத்தில் கற்ற அத்தனையும்.

நாலாம் வெள்ளி,
ஸ்பேனரை மிதித்தபோது
‘டக்’.
உடைந்ததா, அசைந்ததா?
இருவரும் குனிந்து பார்க்கப் பயந்தோம்.

அசைந்திருந்தது.

துரு போன வார்ப்பிரும்பு
மத்தி மீன் முதுகு நிறம்.
மட்டப்பலகையை நிறுத்தி
மறுபக்கம் டார்ச் அடித்தேன்.
அடியில் ஒரு மயிரிழை வெளிச்சமும் வரவில்லை.
தடவிக் கொடுத்துவிட்டு
அறைக்குப் போய்த் தூங்கினேன்.

ஆகஸ்ட் மாதம்.
இங்கே கடல், காற்றிலேயே இருக்கிறது.

காலையில் மேசை நடுவே
செக்கச்சிவந்த உள்ளங்கை ஒன்று,
ஐந்து விரலும் விரித்து.

“இது யார் கை?” என்றான்.
தன் கையை அதன்மேல் வைத்து அளந்தான்.
விரல்கள் வெளியே நீண்டன.
என்னைப் பார்த்தான்.

நான் கையைச் சட்டைப்பைக்குள் விட்டு
மெழுகு வாங்கச்
சில்லறை தேடினேன்.