ஆறா ஒன்பதா

டிமரு நகரில் இலை உதிர்வது ஏப்ரலில்.
ஓக் மரங்களுக்கு அவசரமில்லை,
எங்கள் தெருவுக்குத்தான்.
சாக்கடை வாய் அடைபடும் முன்
பதினான்கு வீடும் வாரிக் கூட்டி
தேவாலயத்துக்குப் பின்னால்
மூன்று மரத்தொட்டிகளில் கொட்டுவோம்.
ஓர் அடுக்கு சருகு, ஓர் அடுக்கு வெட்டிய புல்,
மேலே ஒரு வாளித் தண்ணீர்.
அப்புறம் அதன் பாடு.

ஜூலையில் உறைபனி விழுந்த காலைகளில்
குவியல் மட்டும் ஆவி விட்டது.
நீளக் கம்பி வெப்பமானியைச் செருகி
"அறுபத்திரண்டு" என்பாள் ஆராஹியா.
பிள்ளைக்குக் காய்ச்சல் என்று
பெருமைப்படும் தாயை
அவளிடம்தான் பார்த்தேன்.

அக்டோபரில் சலித்தோம்.
கன்னங்கரேலென்று, உதிரி உதிரியாக,
ஆளுக்கு நான்கு வாளி.
நவம்பர் முடிவதற்குள்
தக்காளிக் கன்றுகளின் கொழுந்தெல்லாம்
காசை ஒளிக்கும் பிள்ளையின் கைபோல
மூடிக்கொண்டது.
செஃபினா வீட்டில். எதிர்வீட்டில்.
பள்ளித் தோட்டத்தில் முப்பது கன்றும்.

நோயில்லை, பூச்சியில்லை என்றாள் ஆராஹியா.
யாரோ புல்தரையில் அடித்த களைக்கொல்லி.
புல்லை ஒன்றும் செய்யாது.
அறுபத்திரண்டு டிகிரியில் வெந்தும் சாகாது.
மாடு தின்று சாணமாய்ப் போட்டாலும் அதிலும் இருக்கும்.
தக்காளியும் பீன்ஸும்தான் காட்டிக்கொடுக்கும்.

பதினான்கு காகிதக் கோப்பைகள்.
நல்ல மண், அவரவர் வீட்டுப் புல் ஒரு பிடி,
மூன்று பீன்ஸ் விதை.
வீட்டு எண்ணை ஐஸ் குச்சியில் எழுதிச் செருகி
நூலகத்தின் வடக்கு ஜன்னலில் வைத்தோம்,
இங்கே வெயில் அந்தப் பக்கம்தான்.
மூன்று வாரம்
தெருவே திடீரென்று புத்தகம் படித்தது.

எல்லோருக்கும் ஆறாம் வீட்டு லாக்லன் மேல் கண்.
படிய வாரிய தலைபோல அவர் புல்தரை.
ஒரு மஞ்சள் பூ கிடையாது.
இரண்டு சனிக்கிழமை யாரும் அவருக்குத்
தேநீர் ஊற்றவில்லை.
அவரும் கேட்கவில்லை.

பன்னிரண்டு கோப்பையில் இலை விரிந்து,
பதின்மூன்றாவதிலும் விரிந்து,
ஒன்றில் மட்டும் சுருண்டு.
குச்சியில் ஆறு.
பக்கத்துக் கோப்பையிலும் ஆறு.
"ஏதோ ஒன்று தலைகீழ்" என்றார் நூலகர்.
எது என்று யாரும் கேட்கவில்லை,
எல்லோரும் லாக்லனைப் பார்த்தார்கள்.

ஒன்பது என் வீடு.
சுருண்ட செடியின் குச்சியில்
ராஸ்பெரி கறை.
அந்த ஐஸைத் தின்றவன் என் மகன்.

புல்லுக்குள் முள்விதை போடும் குட்டிக் களை ஒன்று உண்டு.
வெறுங்காலில் ஓடும் வயது அவனுக்கு.
போன கோடையில் ஒரு புட்டி வாங்கினேன்.
லேபிளில் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது.
மூக்குக்கண்ணாடி காரில் இருந்தது.

உள்ளறையில் கெட்டில் கொதித்துத்
தானே அணைந்தது.
அவ்வளவு நேரம் நான் பேசவில்லை.
அதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு குச்சியைப் பிடுங்கித் திருப்பிச் செருகினேன்.
"இது ஒன்பது."

ஆராஹியா மண்ணைத்தான் பார்த்தாள்.
செஃபினா, "முப்பது கன்று" என்றாள், அவ்வளவுதான்.
லாக்லன் தொண்டையைச் செருமினார்:
"மருந்துக்கெல்லாம் காசு செலவழிக்கிற ஆளா நான்?
கத்தியால நோண்டுவேன்,
விடியறதுக்கு முன்னாடி."
யாரோ சிரித்தார்கள்.
அவர் சிரிக்கவில்லை.

மிச்சக் குவியல் முழுதும் என் தரைக்கு வந்தது,
பதினேழு தள்ளுவண்டி.
ஏழு வண்டி லாக்லன் தள்ளினார்,
பேசாமல்.
புல் வெட்கமில்லாமல் செழித்தது.

இந்த ஏப்ரலிலும் மூட்டையோடு போனேன்.
"இலை மட்டுமா?" என்றாள் ஆராஹியா.
இலை மட்டும்தான்.
ஆனாலும் கையை விட்டுத் துழாவிப் பார்த்தாள்.
பார்க்கட்டும்.

முள்களை திரும்ப வந்துவிட்டது.
நேற்று படியில் உட்கார்ந்து
மகனின் பாதத்தை மடியில் வைத்து
இடுக்கியால் எடுத்தேன்.
இடதில் பதினொன்று.
வலதை இன்னும் எண்ணவில்லை.