செவ்வாய், வியாழன், சனி

ஆண்களுக்குத் திங்கள், புதன், வெள்ளி.
எங்களுக்குச் செவ்வாய், வியாழன், சனி.
ஞாயிறு யாருக்குமில்லை.
பத்து நாள்கூட நிலைக்காத சட்டம் அது.
லிமா நகரமே அதை மறந்துவிட்டது.
என் கால்கள் மறக்கவில்லை.
திங்கட்கிழமை வந்தால்
தகரக் கதவின் இந்தப் பக்கமே நின்றுவிடுகின்றன.

உனக்கு எந்தக் கிழமையோ, தெரியாது.
ஸ்கேன் அறையில் இப்போது
காய்ச்சல்காரர்களைப் படுக்கவைத்திருக்கிறார்கள்.
நீ ஆணா பெண்ணா,
உன் முதுகு எந்தப் பக்கம்,
ஒன்றும் தெரியாமல் ஏழாம் மாதம்.

இந்தக் குன்றில் குழாய் கிடையாது.
இருபது நொடி கை கழுவு என்கிறது வானொலி.
நீல ட்ரம்மில் நான்கு விரல் தண்ணீர்.
பத்து வரை எண்ணி நிறுத்திக்கொள்வேன்,
மீதிப் பத்தை உன் உதைகளுக்கென்று எடுத்து வைப்பேன்.
ராத்திரி நீ எட்டோடு நின்றுவிட்டால்
விடியும்வரை
வயிற்றைத் தட்டித் தட்டி எழுப்புவேன்.
பாவம் நீ, தூங்கவிடாத தாய்க்கு வாய்த்தாய்.

வில்பர் நல்லவன்.
உணவகத்தை மூடிய நாளிலிருந்து
ஒரே நாற்காலியை மூன்று முறை பழுதுபார்த்துவிட்டான்.
ஒற்றை அறை. அழுவதற்கு ஒரு மூலை இல்லை.
தண்ணீர் லாரி மேடேறும் நேரம் பார்த்து அழுவேன்.
அந்த எஞ்சினுக்குப் பெரிய மனசு,
எல்லாவற்றையும் மூடிவிடும்.
லாரி வராத நாட்களில்
அழுகையும் ட்ரம்மைப் போலக் காத்திருக்கும்.

புதன்தோறும் சுகாதார நிலையத்திலிருந்து
எலியானா அழைப்பாள்.
வீக்கம் உண்டா, தலைவலி உண்டா,
ரத்தம் பட்டதா, குழந்தை அசைகிறதா.
இல்லை, இல்லை, இல்லை, ஆம்.
இந்த நான்கு சொல்லுக்குள்
என்னை எங்கே வைப்பது?
பிரசவ அறைக்குள் கணவன் வரக்கூடாது என்றாள்.
முகக்கவசத்தோடுதான் முக்க வேண்டும் என்றாள்.
அன்று முதல் துணியை மூக்குவரை கட்டிக்கொண்டு
ட்ரம்மின் விளிம்பைப் பிடித்தபடி மூச்சுப் பழகுகிறேன்.
எதிரே நின்று வில்பரும் மூச்சு விடுகிறான்,
தான் வரமுடியாத ஊருக்கு வழி சொல்பவன் போல.

போன புதன் அவள் குரல் கரகரத்தது.
பட்டியலைத் தொடங்குமுன் கேட்டுவிட்டேன்:
நீ தூங்கினாயா, எலியானா?

எதிர்முனையில் ஒன்றுமில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு,
கூட வேலைபார்த்த ஒருத்தியைப் பற்றி,
அவளுடைய அலமாரியை இன்னும் யாரும் திறக்காதது பற்றி,
சொந்த மகனைப் பதினொரு நாளாக
ஜன்னல் கண்ணாடியில் மட்டும் தொடுவது பற்றி.
நான் ம் கொட்டினேன்.
அதற்குமேல் கொடுக்க என்னிடம் ஏதுமில்லை.

நீ தூங்கினாயா, லுஸ்மிலா?

இல்லை என்றேன்.
அந்த இல்லை, முதல் முறையாக,
அங்கேயே முடியவில்லை.
கதவு, திங்கட்கிழமை, எட்டு,
லாரியின் எஞ்சின் என்று
இழுத்துக்கொண்டே போனது.
அடுத்துப் பன்னிரண்டு பேர் அவள் தாளில் காத்திருந்தார்கள்.
அவள் போனை வைக்கவில்லை.

கடைசியில் சொன்னாள்:
பகலில் எண்ணு. சாப்பிட்டபின், இடப்பக்கம் சாய்ந்து.
சந்தேகம் வந்தால் எந்நேரமும் என்னைக் கூப்பிடு,
நானும் விழித்துத்தான் கிடப்பேன்.
சிரித்தோமா என்று தெரியவில்லை.
சிரிப்பு மாதிரி ஏதோ கம்பியில் ஓடியது.

அன்றிரவு மூன்று மணிநேரம் தூங்கினேன்.
மறுநாள் ஒன்றுமேயில்லை.
நேற்று நான்கு.

இன்று திங்கள்.
ஊசித்தூறலில் குன்று பாதி காணவில்லை.
வில்பர் பொதுச் சமையலுக்கு விறகு பிளக்கப் போயிருக்கிறான்.
கீழே லாரி ஹாரன் அடிக்கிறது,
குழாயை யாராவது பிடிக்க வேண்டும்.
ட்ரம் மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு
கதவுவரை வந்துவிட்டேன்.
ஒரு கால் வெளியே இருக்கிறது.
இன்னொன்றை
நீ உதை.