எடை ரசீதின் பின்பக்கம்

திம்மராயா,
ரம்பம் ஓடும்போது பேசினால் கேட்காதென்று
ரசீதின் பின்னால் எழுதி நீட்டினாய்:
"தூக்கம் வர ஏதாச்சும் பாட்டு சொல்லுங்க மேடம்."

மிருதங்கம் வேண்டாம்.
பர்கூர்க் கல்லை எட்டு மணி நேரம் அறுத்தவனுக்கு
இன்னொருவர் எதற்குத் தாளம் போட?
வீணை மட்டும். அதிலும் ஆலாபனை மட்டும்.
நீலாம்பரி என்பார்கள்,
தொட்டில் பிள்ளைக்குச் சரி.
உனக்கு சஹானா.
ஏறும்போதே ஒருமுறை
திரும்பிப் பார்த்துக்கொள்ளும் ராகம்.
இறங்குவதோ
தொப்பூர்க் கணவாயில் லோடு லாரி மாதிரி,
முதல் கியரில்,
அவசரமே இல்லாமல்.
இயர்போன் வேண்டாம், அந்தக் காதுகள் பட்டது போதும்.
போனை ஒரு சொம்புக்குள் போட்டு
தலைமாட்டில் வை.
சத்தம் மூன்று கோட்டுக்கு மேல் போகக் கூடாது.

புதன்கிழமை ரசீது திரும்பி வந்தது,
எழுத்தெல்லாம் கல்தூசி:

"வீணை வர்றதுக்கு முந்தி
பின்னால ஒண்ணு ஙொய்யினு ஓடுதே மேடம்,
மெஷின நிறுத்தினப்புறம்
விடிய விடிய என் காதுல ஓடுமே,
அதே சத்தம்.
எனக்குத்தான் காது கெட்டுப்போச்சுன்னு
வீட்ல கூடச் சொல்லல.
வெளியிலயும் அது இருக்குது.
அப்படியே தூங்கிட்டேன்.
வீணை எப்படின்னு தெரியாது."

அதற்குப் பெயர் தம்புரா
என்று எழுதப் பேனா திறந்தேன்.
லாரி மேடையேறிவிட்டது.
இருபத்தோரு டன் நானூறு.
முன்பக்கம் மட்டும் நிரப்பி
டிரைவரிடம் கிழித்துக் கொடுத்தேன்.