கொழுப்பு அளந்த குளிர்காலம்

பனிச்சறுக்குக் கட்டைகளைச் சுவரில் சாய்த்துவிட்டு
ஊசிப் பெட்டியோடு உள்ளே போனேன்.
தௌனோ பன்றிக்கறி நறுக்கிக்கொண்டிருந்தான்.
"என் ரத்தத்தில் என்ன தேடுகிறாய், நர்ஸம்மா?"
கொழுப்பு, என்றேன்.
"அது எனக்கு அதிகமென்று
ஊசி குத்தாமலே ஊர் சொல்லுமே."

கிழக்குப் பின்லாந்து.
பாதி வருடம் பனி, மீதிப் பாதி கொசு.
போர் முடிந்து, பசி முடிந்து,
வீட்டுக்கு இரண்டு பசு வந்திருந்த காலம்.
வெண்ணெயை இங்கே யாரும் தடவுவதில்லை.
செங்கல் வைப்பதுபோல் ரொட்டிமேல் வைப்பார்கள்.
கடித்தால் பல்தடம் பதிய வேண்டும்,
இல்லையென்றால் வீட்டுக்காரி கஞ்சம்.

வெண்ணெய் திரண்டுதான் வந்தது.
உடைந்தது தாழியல்ல.

அந்தப் பிப்ரவரியில் மட்டும்
மரம் வெட்டப் போன ஓல்லி, நாற்பத்தொன்று,
ரம்பத்தை விடாமல் பிடித்தபடி.
தபால்காரன் வில்யோ, நாற்பத்தாறு,
கடைசிக் கடிதத்தைக் கொடுத்துவிட்டு.
தௌனோவின் தம்பி,
நீராவிக் குளியலறைப் படியில்,
தோளில் துண்டோடு.
மூன்று துக்க வீட்டிலும்
மேஜை நடுவே வெண்ணெய்க் கட்டி.

குப்பி உறைந்துவிடாதிருக்க
கோட்டுக்குள், மார்போடு ஒட்டி எடுத்துப்போனேன்.
ஊர் ஆண்களின் ரத்தமெல்லாம்
என் சூட்டில்தான் நகரம் சேர்ந்தது.
தௌனோவுக்கு முந்நூற்று எண்பது.

"வெண்ணெய் கொடுத்த கை இது."
கோடரி பிடிக்கும் கையை நீட்டினான்.
நான் வாதாடவில்லை. அது உண்மை.

வாதாடாத இன்னொருத்தி அடுப்படியில் இருந்தாள்.
லெம்பி, அவன் மனைவி.
வெண்ணெய்க் கட்டி வாரம் ஒரு விரல் தேய்ந்தது.
கறிக்குழம்பில் ஏரி மீன் நீந்த ஆரம்பித்தது.
வியாழக்கிழமைப் பட்டாணி செவ்வாயிலும் வந்தது.
காலையில் ஓட்ஸ் கஞ்சி,
மேலே நிலவறைப் பீப்பாயிலிருந்து
புளிக்கும் சிவப்புக் காட்டுப்பழம் ஒரு கரண்டி.
அவன் முறைத்தான்.
அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

காப்பியில்தான் மாட்டிக்கொண்டாள்.
தூளோடு கொதிக்கக் கொதிக்க
கெட்டிலிலிருந்து நேரே ஊற்றிக் குடிக்கிற ஊர் இது.
அந்தக் கொதிப்பில் இறங்கும் எண்ணெய்
ரத்தத்துக்கு ஆகாது என்று
நான் எப்போதோ சொன்னதை வைத்துக்கொண்டு,
விடியுமுன் எழுந்து
காகிதத்தில் வடிகட்டத் தொடங்கியிருந்தாள்.
"என்ன இது, நகரத்து வங்கியில் கொடுக்கும்
காப்பி மாதிரி இருக்கிறது?"
தண்ணீர் மாறியிருக்கும், என்றாளாம்.

மூன்றாவது முறை நரம்பு தேடும்போது
தானாகவே சொன்னான்.
ஒருநாள் நாலு மணிக்கு விழித்திருக்கிறான்.
இருட்டில் அவள்,
கொழுந்தன் விட்டுப்போன கம்பளிச் சட்டையில்,
சொட்டுச் சொட்டாய் இறங்குவதைப் பார்த்தபடி
நின்றிருக்கிறாள்.
கத்தலாமென்று வாயெடுத்தவன்
திரும்பப் போய்ப் படுத்துக்கொண்டான்.
மறுநாள் அவளுக்கு முன் எழுந்து
காகிதத்தை அவனே மடித்தானாம், கோணலாக.
"அவ்வளவுதான். பெரிதாக எழுதிவிடாதே."

முந்நூற்றிரண்டு.
நல்ல எண் இல்லை, ஆனால்
நடந்து வந்த தூரம் தெரிகிற எண்.

இருபது வீட்டுக்கு ஊசி போட்டவள்
மிச்சமிருந்த ஒரு குப்பியை
என் கையிலேயே நிரப்பினேன்.
கம்பு ரொட்டி தின்கிறவள்,
நாளுக்கு முப்பது கிலோமீட்டர் சறுக்குகிறவள்.
நானூற்றுப் பதினொன்று.

என் அப்பா முப்பத்தொன்பதில் போனார்.
வீடும் காடும் தம்பிக்கு எழுதிவைத்தார்.
எனக்கு இதை.

கஞ்சி எல்லாவற்றையும் கழுவிவிடும் என்று
நான் யாரிடமும் சொன்னதில்லை.
ஆனாலும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

தௌனோவிடம்தான் முதலில் சொன்னேன்.
ஏனென்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் பேசவில்லை அவன்.
பிறகு, "நர்ஸம்மாவுக்கும் கொழுப்பா" என்றான்,
சிரிக்காமல்.

பெரிய ஆஸ்பத்திரிக் கடிதம் என் பையில்.
வரும் செவ்வாய், பத்து மணி.
"வண்டி நான் ஓட்டுகிறேன்" என்றவன்
ஒரு காகிதத்தை எடுத்து,
இன்னும் கோணலாகத்தான்,
மடிக்க ஆரம்பித்தான்.